சர்க்யூட் வரைய எந்த சாஃப்ட்வேர்? ஒரு டேங்க் போர்டை வைத்தே முடிவு செய்யுங்கள்

தோட்டத்து டேங்க் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு போர்டு செய்யலாமே என்றுதான் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் நிறைய பேர் எலக்ட்ரானிக்ஸில் இறங்குகிறார்கள். சாஃப்ட்வேர் தேடும்போது விலையைப் பிறகு பாருங்கள். சர்க்யூட் வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டுமா, இல்லை பிசிபி (பார்ட்ஸைப் பற்றவைக்கும் அச்சிட்ட போர்டு) அடிக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள்.

வெறுமனே பார்க்க ஃபால்ஸ்டாட் போதும். பிரவுசரிலேயே ஓடும், கரண்ட் போவது மஞ்சள் புள்ளிகளாக நகரும், டிரான்சிஸ்டரின் பேஸ் ரெசிஸ்டரை மாற்ற மாற்ற ரிலே (மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் மின் சுவிட்ச்) இழுக்கிறதா விடுகிறதா என்று கண்ணெதிரே தெரியும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் எல்டிஸ்பைஸ், அதுவும் இலவசம்தான். ஆனால் இந்த இரண்டிலும் பிசிபி போட முடியாது.

பிசிபிக்கு கண்ணை மூடிக்கொண்டு கீகேட் எடுங்கள். 1992-ல் ழான்-பியர் ஷரா தொடங்கியது, பிறகு ஐரோப்பாவின் செர்ன் அணு ஆய்வகமும் கைகொடுத்தது. முழுக்க இலவசம், ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், நெட் இல்லாத தோட்டத்து வீட்டிலும் வேலை ஓடும். இன்னொரு பிசிபி சாஃப்ட்வேரான ஈகிளின் இலவசப் பதிப்பில் 80 சதுர செ.மீ. போர்டுதான், அதற்கும் 2026 ஜூன் 7 வரைதான் ஆயுள் என்று அதன் நிறுவனமான ஆட்டோடெஸ்க் 2023-லேயே அறிவித்துவிட்டது. அதனால் பழைய வீடியோக்களைப் பார்த்து அதைக் கற்க உட்காராதீர்கள். பிரவுசரில் ஓடும் ஈஸி ஈடிஏ கற்க லேசு, பார்ட்ஸ் லைப்ரரியும் தயாராக இருக்கும், வேலையை மட்டும் அவ்வப்போது உங்களிடம் பேக்கப் எடுத்து வையுங்கள். கிராக் பண்ணிய சாஃப்ட்வேர் பக்கமே போகாதீர்கள், கூடவே வைரஸும் வரும்.

எதை எடுத்தாலும் ஃபுட்பிரிண்டில் (பார்ட்டின் கால்கள் இறங்க போர்டில் வரும் துளை அமைப்பு) அசந்துவிடாதீர்கள். என் முதல் போர்டில் லைப்ரரியில் இருந்த ரிலேயை அப்படியே நம்பி ஆர்டர் போட்டேன், வந்து சேர்ந்ததும் கையிலிருந்த நீல ரிலேயின் ஐந்து காலில் இரண்டு துளைக்கு நேராகவே இல்லை, அத்தனை போர்டும் வீண். அப்புறம்தான் பழகினேன்: எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடு போய் பார்ட்ஸை முதலில் வாங்கிவிடுவேன், லேஅவுட்டை 100 சதவீத அளவில் ஏ4 தாளில் பிரிண்ட் எடுப்பேன், தாளைத் தெர்மாகோல் மேல் வைத்து ஒவ்வொரு பார்ட்டையும் குத்திப் பார்ப்பேன். எல்லாக் காலும் நேராக இறங்கினால், டிஆர்சி (லேஅவுட்டில் விதிமீறல் இருக்கிறதா என்று சாஃப்ட்வேரே பார்க்கும் சோதனை) ஓட்டி, போர்டு அடிப்பவர்களுக்குத் தேவையான கெர்பர் ஃபைல் அனுப்பலாம்.