‘வேர்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பயன்படுத்துவது எப்படி?

தமிழில் சேலையைக் கட்டுகிறோம், சட்டையைப் போடுகிறோம், மோதிரத்தை அணிகிறோம், பூவையும் பொட்டையும் வைக்கிறோம். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் ‘வேர்’ என்ற ஒரே வினை போதும். கண்ணாடி, கைக்கடிகாரம், உதட்டுச்சாயம், பூசிய வாசனைத் திரவியம், ஏன், வளர்த்திருக்கும் தாடிகூட அதில் அடங்கும்.

நம்மவர் இடறுவது வேறிடத்தில். ‘வேர்’ என்பது ஒன்று உடலில் இருக்கும் நிலையைச் சொல்லும். அதை எடுத்து உடுத்தும் செயலுக்கு ‘புட் ஆன்’ என்று சொல்ல வேண்டும். வாசலில் நண்பர் காத்திருக்க, ஒரு கை சட்டைக்குள் நுழைந்தும் மறு கை நுழையாமலும் இருக்கும்போது, ‘ஐ ஆம் வேரிங் மை ஷர்ட்’ என்று குரல் கொடுத்தால், சட்டை ஏற்கெனவே உடலில் இருப்பதாகத்தான் அவர் புரிந்துகொள்வார். அந்த நேரத்தில் ‘ஐ ஆம் புட்டிங் ஆன் மை ஷர்ட்’ என்பதே சரி.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். ‘அவள் நீலச் சேலை கட்டியிருக்கிறாள்’ என்பதில் ‘இருக்கிறாள்’ வருவதால், மாணவர் பலர் ‘ஷி ஹாஸ் வோர்ன் எ ப்ளூ சாரி’ என்று எழுதிவிடுகிறார்கள். இப்போது உடலில் இருப்பதைச் சொல்ல ‘ஷி இஸ் வேரிங் எ ப்ளூ சாரி’ என்றே எழுத வேண்டும். ‘ஹாஸ் வோர்ன்’ என்றால் முன்பு எப்போதோ கட்டிய அனுபவம் உண்டு என்றோ, இத்தனை காலமாகக் கட்டிவருகிறாள் என்றோ பொருள்படும். வழக்கத்தைச் சொல்வதற்கு ‘ஷி வேர்ஸ்’ போதும். என் அனுபவத்தில், ‘கட்டியிருக்கிறாள்’ என்றால் ‘இஸ் வேரிங்’ என்ற இந்த ஒரு இணையை மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்குப் பாதிப் பிழைகள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. பேருந்தில் எதிரே அமர்ந்திருப்பவரைப் பார்த்து, அவர் உடுத்தியிருப்பதை மனத்துக்குள் மூன்று வாக்கியங்களாகச் சொல்லிப் பழகுங்கள்.

‘வேர்’ என்பதன் இறந்தகால வடிவம் ‘வோர்’, முற்று வடிவம் ‘வோர்ன்’. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கு வினையாக இருந்த இச்சொல், ‘கிழி’ என்று பொருள்படும் ‘டேர்’, ‘சத்தியம் செய்’ என்று பொருள்படும் ‘ஸ்வேர்’ போன்றவற்றின் சாயலில் பிற்காலத்தில் மாறியது. ஆகவே டேர்–டோர்–டோர்ன், வேர்–வோர்–வோர்ன் என்று சேர்த்தே மனப்பாடம் செய்யலாம்.

‘வேர் அவுட்’ என்றால் தேய்ந்துபோவது. குதிகாலில் ஒரு பக்கம் தேய்ந்து, உள்ளடுக்கு வெளியே தெரியும் செருப்பை ‘வோர்ன் அவுட்’ என்பார்கள். நாள் முழுதும் உழைத்து ஓய்ந்துபோனவரும் தம்மைப் பற்றி ‘ஐ ஆம் வோர்ன் அவுட்’ என்றுதான் சொல்வார்.