வீட்டுக் காற்றில் பூஞ்சை இருக்கிறதா? மூன்று தட்டு வைத்துப் பார்க்கலாம்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும், சென்னையில் பல வீடுகளில் பீரோவைத் திறந்ததும் மக்கிய வாடை வரும். தோல் செருப்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அப்போதுதான் சுவாசிக்கிற காற்றிலும் இது இருக்குமோ என்று தோன்றும். இருக்கும். பூஞ்சை வித்து இல்லாத காற்றே கிடையாது. அது வெளியிலிருந்து வந்ததா, வீட்டுக்குள்ளேயே வளர்கிறதா என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: கண்ணும் மூக்கும்

பீரோவின் பின்பக்கம், சிங்க்குக்குக் கீழே, ஏசி ஃபில்டர், மெத்தையின் அடிப்பக்கம் எல்லாம் பாருங்கள். பூஞ்சை கண்ணில் பட்டுவிட்டால் சோதனையே வேண்டாம். அந்தக் காசில் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

படி 2: ஈரம்

சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அறையில் வையுங்கள். ஈரப்பதம் நாள்கணக்கில் 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அப்புறம், சந்தேகமான சுவரில் ஒரு சாண் அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் சுவருக்குள்ளிருந்து ஓதம் வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் ஈரமென்றால் அது காற்றிலுள்ள ஈரம் படிந்தது.

படி 3: தட்டு வைப்பது

ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளில் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் என்ற, பூஞ்சை வளர்வதற்கான கூழ் ஊற்றிய 90 மில்லிமீட்டர் பெட்ரி தட்டுகள் (மூடி போட்ட வட்டத் தட்டுகள்) கிடைக்கும். மூன்று வாங்குங்கள். ஒன்று அறைக்கு, ஒன்று பால்கனிக்கு. மூன்றாவதைத் திறக்கவே கூடாது. அதிலும் பூஞ்சை முளைத்தால் வாங்கிய தட்டே சரியில்லை என்று அர்த்தம்.

ஃபேன், ஏசியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஒரு மணி நேரம் அறையை அப்படியே விடுங்கள். பெருக்கவோ படுக்கையை உதறவோ வேண்டாம். பிறகு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, மூடியைத் திறந்து 1 மணி நேரம் வையுங்கள். ஒன்று, ஒன்று, ஒன்று என்று மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது. பால்கனித் தட்டையும் அதே நேரத்தில் திறக்க வேண்டும். மழையும் பலத்த காற்றும் இல்லாத நாளாகப் பாருங்கள்.

மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி, இடத்தையும் தேதியையும் எழுதி, தலைகீழாக ஒரு இருட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். சமையலறையில் வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைத்துவிடும்.

படி 4: படிப்பது

முதல் முறை நான் அறைக்கு மட்டும் ஒரே தட்டு வைத்தேன். பச்சையும் கறுப்புமாக முளைத்ததைப் பார்த்து அன்றிரவு தூக்கம் போனது. அடுத்த வாரம் பால்கனியிலும் வைத்தபோது அங்கே இன்னும் அதிகம்! ஒற்றைத் தட்டு எதையும் சொல்லாது, ஒப்பிட்டால்தான் பேசும். உள்ளே வெளியைவிடக் குறைவாக, அதே கலவையாக இருந்தால் பயமில்லை. உள்தட்டில் ஒரே வகை மட்டும் அடர்ந்து, வெளித்தட்டில் அது இல்லாமலே இருந்தால் வீட்டுக்குள் எங்கோ வளர்கிறது. மறுபடி படி 1க்குப் போய்த் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தட்டில் வந்து விழுகிற, உயிருள்ள வித்து மட்டும்தான் முளைக்கும். இறந்த வித்தும் ஒவ்வாமை தரலாம். அது இதில் தெரியாது. ஈரமான ஜிப்சம் பலகையில் வளரும் ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சை இந்த முறையில் பெரும்பாலும் தப்பிவிடும். நிறத்தை வைத்துப் பெயர் சொல்ல முயலாதீர்கள்.

காற்றை இழுத்துச் சோதிக்கும் நிபுணர்கள் பொதுவாக நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் 5 நிமிடம் இழுத்து, வித்துகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். அவர்களிடமும் வெளிக்காற்று மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். “அளவு மீறிவிட்டது” என்று சொன்னால் எந்த அளவு என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியே இதற்கு ஒரு எண் வரம்பு வைக்கவில்லை.

படி 5: தட்டை ஒழிப்பது

முளைத்த தட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுங்கள். கையுறை போட்டு, தட்டை ஜிப் கவருக்குள் வைத்து, பிளீச்சிங் கரைசல் ஊற்றி மூடுங்கள். கவருக்கு வெளியிலிருந்தே மூடியை நெகிழ்த்திவிட்டு, ஒரு நாள் ஊறியபின் குப்பையில் போடலாம்.

எங்கள் வீட்டு வாடைக்கான காரணத்தைத் தட்டு காட்டிக்கொடுக்கவில்லை. அலுமினியத் தாள்தான் காட்டியது. குளியலறைக் குழாய் ஒன்று பீரோவுக்குப் பின்னால் சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது.