விக்டோரியா மேலவை ரிசல்ட்ட வருஷவாரியா எப்படி பாக்கறது

ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநில மேலவைக்கு 8 ரீஜன் (அதாவது பெரிய தொகுதி), ஒவ்வொண்ணுக்கும் 5 உறுப்பினர். ஒப்பிடணும்னா 2006ல இருந்து ஆரம்பிங்க, அதுக்கு முன்னாடி தொகுதி அமைப்பே வேற. கட்சிவாரியா முதல் விருப்ப ஓட்டு (வாக்காளர் 1ன்னு போட்டது) சதவீதத்த எழுதிக்கிட்டு 16.67ஆல வகுத்தா எத்தன கோட்டான்னு வந்துரும் (கோட்டான்னா ஒரு சீட் ஜெயிக்க வேண்டிய ஓட்டு, அஞ்சு சீட்டுக்கு ஆறுல ஒரு பங்கு), 2.3ன்னா 2 சீட் உறுதி.

கடைசி சீட்டுலதான் கவனம் வேணும், 2018ல ஈஸ்டர்ன் மெட்ரோபாலிட்டன்ல 1 சதவீதம்கூட வாங்காத டிரான்ஸ்போர்ட் மேட்டர்ஸ் கட்சி ஜெயிச்சுது, எல்லாம் குரூப் டிக்கெட் (ஓட்டு அடுத்து யாருக்குப் போகணும்னு கட்சியே முன்கூட்டி குடுக்கற வரிசை) வழியா கைமாறி வந்த ஓட்டு, எனக்கு இது நியாயமாவே படல. அதனால சீட்ட மட்டும் வெச்சு ஒரு கட்சி வளந்துச்சுன்னு சொல்லிடாதீங்க. 2014, 2022 தேர்தலுக்கு முன்னாடி எல்லைய மாத்தினாங்க, 2022ல ஈஸ்டர்ன் மெட்ரோபாலிட்டன் ரீஜனே போய் நார்த் ஈஸ்டர்ன் மெட்ரோபாலிட்டன் வந்துச்சு, அந்த எடத்துல டேபிள்ல ஒரு கோடு போட்டுக்கோங்க.