சொந்தமா ரொமான்ஸ் நாவல் போடுறோம்னு நாம செய்யுற தப்புகள்

என் ஹீரோ பேரு முதல்ல ரவி. முக்கால்வாசி எழுதி முடிச்சப்புறம் ஒரு நாள் அந்தப் பேரு ரொம்ப சாதுவா இருக்குற மாதிரி தோணுச்சு, சூர்யான்னு மாத்திடலாம்னு ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்ல போட்டு ரீப்ளேஸ் ஆல், ஒரே க்ளிக், வேலை முடிஞ்சுது, அடுத்த வாரம் அப்லோடும் பண்ணியாச்சு. மூணாவது நாள் ஒரு ரீடர் மெசேஜ் பண்ணாங்க, "இசூர்யால்னா என்னங்க, புது வார்த்தையா?"

இரவில்ங்கற வார்த்தைக்குள்ள ரவி ஒளிஞ்சிருக்கான். பரவியதுக்குள்ளயும் இருக்கான். ரொமான்ஸ் நாவல்ல இரவு எத்தனை தடவை வரும்னு நான் சொல்லணுமா, அத்தனை இடத்துலயும் இசூர்யால், இசூர்யான் அமைதியில், வெட்கம் பசூர்யாயது. ரவிக்கை கதையே வேற, அதை விட்ருவோம். சரி வார்த்தைதான் தப்பாச்சுன்னா, வேற்றுமை உருபும் போச்சு, ரவியை சூர்யாயை ஆயிருக்கு, ரவிக்கு சூர்யாக்கு ஆயிருக்கு. ராத்திரிக்குள்ள சூரியனைக் கொண்டு வந்த ஒரே ரைட்டர் நான்தான்னு சொல்லி சிரிச்சுக்கலாம், ஆனா அன்னைக்கு சிரிப்பு வரல. அதனால பேர் மாத்தணும்னா ஒவ்வொண்ணா தேடி கண்ணால பாத்து மாத்துங்க, ரீப்ளேஸ் ஆல் பக்கமே போகாதீங்க.

ஆனா இந்த மாதிரி தப்பாவது கண்ணுக்குத் தெரியும், திருத்திடலாம். கண்ணுக்குத் தெரியாம கதைக்குள்ள போய் உக்காந்துக்குற தப்புகள்தான் நம்மள ஒரு நாள் வானத்துலயும் ஒரு நாள் பாதாளத்துலயும் வெச்சிருக்கு. அதுல முதல் இடம், நம்ம புக்கை எத்தனை பக்கம் படிச்சிருக்காங்கன்னு அமேசான் கிராஃப் போட்டுக் காட்டுற ரிப்போர்ட் பக்கத்தைப் பாத்துக்கிட்டே எழுதுறது.

அமேசான்ல ரீடர்ஸ் சந்தா கட்டி இபுக் படிக்குற கிண்டில் அன்லிமிடெட்ல புக் வெச்சிருக்கவங்களுக்கு இது நல்லா புரியும். 2014 ஜூலைல அந்த சந்தா முறை வந்தப்ப கணக்கு வேற, யாராவது புக்கை எடுத்து பத்து சதவீதம் தாண்டி படிச்சா ரைட்டருக்கு ஒரு தொகை, அவ்வளவுதான். அப்ப குட்டிக் குட்டியா எழுதி நிறைய போடுறது லாபமா இருந்துச்சு. 2015 ஜூலைல படிச்ச பக்கத்துக்கு காசுன்னு மாத்துனாங்க, உடனே காத்து அந்தப் பக்கம் அடிக்க ஆரம்பிச்சுது, முப்பது சேப்டர்ல முடிய வேண்டிய கதை அறுபதுக்கு இழுபட்டுச்சு. ஒரு பக்கத்துக்கு எவ்வளவுன்னும் நிரந்தரமா கிடையாது, மாசா மாசம் ரைட்டர்களுக்குப் பிரிச்சுக் குடுக்க அமேசான் ஒதுக்குற ஃபண்டைப் பொறுத்து மாறும், ஒரு புக்கை ஒருத்தர் எடுத்தா அதிகபட்சம் 3000 பக்கம் வரைக்கும்தான் கணக்கு. இதெல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கறது தப்பில்ல, தெரிஞ்சுக்கத்தான் வேணும். ஆனா எழுதும்போது இது மண்டைக்குள்ள ஓடிச்சுன்னா ஹீரோ வாசல்ல இருந்து சோபா வரைக்கும் வர ரெண்டு பக்கம் ஆகும்.

எனக்கு நடந்தது இன்னும் மோசம். சீரீஸோட முதல் புக் வெளியில போயிட்டிருக்கு, ரெண்டாவது புக்ல பதினாலாவது சேப்டர் எழுதிட்டிருக்கேன். ஹீரோ மன்னிப்பு கேக்குற இடம். பெருசா ஒண்ணும் நடக்காது, ரெண்டு பேரும் மாடிப்படியில உக்காந்திருப்பாங்க, அவன் சொல்ல வந்ததை மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் நிறுத்துவான். அந்த வாரம் முதல் புக்கோட கிராஃப் சர்ருன்னு கீழ இறங்குச்சு. நான் என்ன நெனச்சேன்னா ஐயோ ஜனங்களுக்கு போர் அடிக்குது, இந்த மாடிப்படி சீன் எடுபடாது, உடனே ஒரு வில்லனைக் கொண்டு வந்து ஹீரோயினைக் கடத்திட்டேன். ஆமா, கடத்தல். பதிமூணு சேப்டரா யாருமே பாக்காத ஒரு வில்லன். நாலு நாள் கழிச்சு பாத்தா கிராஃப் தானா ஏறியிருக்கு. நிறைய பேர் நெட் இல்லாம டவுன்லோடு பண்ணி வெச்சு படிப்பாங்க, மறுபடி நெட் வந்து சிங்க் ஆனாதான் அந்தப் பக்கங்கள் கணக்குல சேரும். ஆக அந்த வாரத்து கோட்டுக்கும் என் கதைக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, ஆனா கடத்தல் மட்டும் புக்ல அப்படியே தங்கிடுச்சு. ரிவ்யூல கிட்டத்தட்ட எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க, நல்லா போயிட்டிருந்த கதையில திடீர்னு கடத்தல் எதுக்குன்னு.

இப்ப நான் ரிப்போர்ட்டை வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் எழுதி முடிச்ச பிறகுதான் திறக்குறேன். மணிக்கொரு தடவை பாத்தாலும் காசு ஒண்ணும் சீக்கிரம் வராது, ஜனவரி மாசத்து ராயல்டி மார்ச் கடைசிலதான் கைக்கு வரும்.

அடுத்தது ட்ரெண்டு. லிஸ்ட்ல மேல இருக்குற பத்து கதையில எட்டுல ஆன்டி ஹீரோ, கட்டாயக் கல்யாணம், ஹீரோயினைப் படாத பாடு படுத்திட்டு கடைசி அத்தியாயத்துல ஒரு சாரி. அது ஓடுது, நாமளும் ஒண்ணு எழுதுவோம்னு இறங்குறோம். புடிச்சு எழுதுறவங்க எழுதட்டும், அது அவங்க ஏரியா. புடிக்காம எழுதுனா மூணாவது சேப்டர்லயே நம்ம ஆன்டி ஹீரோ கதவைச் சாத்திட்டு தனியா அழ ஆரம்பிச்சிடுவான், கொடூரமாவும் இல்லாம நல்லவனாவும் இல்லாம உப்பு சப்பில்லாத ஒரு ஆளா நிப்பான். ரீடர் இதை ரொம்ப சீக்கிரம் கண்டுபுடிச்சிடுவாங்க, ரொமான்ஸ் படிக்குறவங்க மாதிரி கதை தெரிஞ்ச ரீடர்ஸ் வேற எங்கயும் கிடையாது, அவங்க ஒரு வாரத்துல படிக்குறதை நாம ஒரு வருஷத்துல எழுத மாட்டோம்.

இதுக்கு நேர் எதிர் தப்பும் ஒண்ணு இருக்கு, இலக்கியமா எழுதுறேன்னு கடைசில ஹீரோவை ஆக்சிடென்ட்ல போட்டுத் தள்ளுறது. சோகமான காதல் கதை எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லல, ஆனா அதை ரொமான்ஸ் லேபிள்ல விக்காதீங்க. அமெரிக்காவுல ரொமான்ஸ் ரைட்டர்ஸ் சங்கம் இந்த வகைக்கு ரெண்டே ரெண்டு நிபந்தனைதான் வெச்சுது, காதல்தான் கதையோட மையம், முடிவு மனசுக்கு நிறைவா நம்பிக்கையா இருக்கணும். முடிவு தெரிஞ்சே படிக்க வர்றாங்கன்னா அவங்களுக்கு வேண்டியது எப்படிங்கறதுதான், அந்த எப்படில நாம எவ்வளவு வேணா விளையாடலாம்.

அந்த விளையாட்டு எங்க சொதப்புதுன்னா, பிரிவுக்கான காரணத்துல. ஹீரோ யாரோ ஒரு பொண்ணு கூட பேசிட்டிருக்கறதை ஹீரோயின் தூரத்துல இருந்து பாத்துட்டு இருபது சேப்டர் பேசாம இருப்பா, கடைசில அது அவன் தங்கச்சின்னு தெரியும். ஒரு போன் பண்ணா முடிஞ்சிருக்கும்ல? நான் இப்ப ஒரு டெஸ்ட் வெச்சிருக்கேன், ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல போட்டு பூட்டி ஒரு மணி நேரம் மனசு விட்டு பேச வெச்சா பிரச்சனை தீர்ந்துடுமா, தீர்ந்துடும்னா அது பிரச்சனையே இல்ல. பேசினாலும் தீராத ஏதோ ஒண்ணு வேணும், அவளுக்கு வேற நாட்டுல வேலை கிடைச்சிருக்கு, அவனால அப்பாவை விட்டுட்டு நகர முடியாது, ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. அப்பதான் கடத்தல்காரன் துணை நமக்குத் தேவைப்படாது.

அப்புறம் கண்கள். கண்களில் காதல் வழியும், கண்களில் கோபம் தெறிக்கும், கண்களால் விழுங்குவான், என் முதல் டிராஃப்ட்ல எண்ணிப் பாத்தப்ப ஒரே சேப்டர்ல பதினொரு தடவை கண்ணு, படிச்சா ஏதோ கண் ஆஸ்பத்திரி கதை மாதிரி இருந்துச்சு. ஒரு இடத்துல இப்படி இருந்துச்சு, சண்டை போட்டாலும் அவள் மீதான காதல் அவன் கண்களில் வழிந்தோடியது. இதை என்ன பண்ணலாம்னு ரெண்டு நாள் முட்டிக்கிட்டு கடைசில இப்படி மாத்துனேன்: அவ கோபத்துல கதவைச் சாத்திட்டு தூங்கப் போயிடுறா, போன் ஹால்லயே கிடக்கு, நாலு சதவீதம் சார்ஜ். அவன் அதை எடுத்து சார்ஜர்ல போட்டுட்டு, ஸ்கிரீன் கீழ பாக்குற மாதிரி கவுத்து வெச்சுட்டு, போய் சோபாவுல படுத்துக்குறான். அவ்வளவுதான். காதல்ங்கற வார்த்தையே கிடையாது. அந்தக் கவுத்து வெச்ச போனைப் பத்தி மட்டும் எனக்கு வந்த மெசேஜ் மீதி புக் மொத்தத்துக்கும் வரல. வருணனையே கூடாதுன்னு இல்ல, ஆனா எல்லாருக்கும் வழியுற காதல் நம்ம ஹீரோவுக்கும் வழிஞ்சா அவனை எப்படி அடையாளம் தெரியும்.

எடிட்டிங்ல எல்லாரும் பண்ற தப்பு முடிச்ச கையோட திருத்த உக்கார்றது. மூளை இன்னும் சூடா இருக்கும், எழுதுனதைப் படிக்காது, எழுத நெனச்சதைத்தான் படிக்கும். ரெண்டு மூணு வாரம் தூக்கி ஓரமா வெச்சுட்டு, அப்புறம் போன்ல ரீட் அலவுட் போட்டு கேளுங்க, மெஷின் குரல் எந்த உணர்ச்சியும் இல்லாம "நீ இல்லாத உலகம் எனக்கு வேண்டாம்"னு படிக்கும்போது எந்த டயலாக் நிக்குது எது விழுதுன்னு பளிச்சுன்னு தெரியும். கூச்சமா இருக்கும், ஆனா அந்தக் கூச்சம் நல்லது.

கவர் பத்தி ரெண்டே வார்த்தை. கிண்டில்ல 2560க்கு 1600 பிக்சல் போடச் சொல்வாங்க, ஆனா ரீடர் பாக்குறது நக அளவு படம், அதுல பேரு படிக்க வரணும். தமிழ் எழுத்தை சரியா சேக்கத் தெரியாத சாஃப்ட்வேர்ல டைப் பண்ணா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு சிதறும், அதை அப்படியே கவர்ல போட்டவங்க இருக்காங்க, நான் பாத்திருக்கேன். பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்ச டிராஃப்ட் இருந்தா முதல்ல யூனிகோடுக்கு மாத்திடுங்க, இல்லன்னா இபுக்ல வெறும் கிறுக்கல்தான் வரும்.

ரூல்ஸ்ல மாட்டிக்குறவங்க ரொம்ப பேர் மாட்டுறது கேடிபி செலக்ட்ல, அதாவது அமேசான்ல நாமளே புக் போடுற கேடிபியில இபுக்கை கிண்டில் அன்லிமிடெட்ல சேக்குற திட்டத்துல. அதுல சேர்ந்தா 90 நாளுக்கு அந்த இபுக் வேற எங்கயும் இருக்கக் கூடாது, இலவசமா கூட. வேற சைட்ல தொடரா போட்ட எபிசோடுகளை அழிக்காம செலக்ட்ல டிக் அடிச்சுட்டு, வார்னிங் மெயில் வந்ததும் பதறுறாங்க. சாம்பிளா பத்து சதவீதம் வரைக்கும் வெளிய வெக்கலாம், பிரிண்ட் புக்குக்கு இந்தத் தடை கிடையாது. 90 நாள் முடிஞ்சா தானா ரினியூ ஆகும், வேண்டாம்னா முன்னாடியே அந்த டிக்கை எடுத்துடணும். அதே மாதிரி நீ எனக்கு அஞ்சு ஸ்டார் போடு நான் உனக்கு போடுறேன்ங்கற டீலும் அமேசான் ரூல்ஸ்ல கிடையாது, வீட்டு ஆளுங்க ரிவ்யூவும் கிடையாது. 2023 செப்டம்பர்ல இருந்து ஏஐ எழுதுன பகுதி இருக்கான்னும் கேக்குறாங்க, இருந்தா உண்மையைச் சொல்லிடுங்க. ஒத்த ஸ்டார் ரிவ்யூக்கு பதில் எழுத கை துறுதுறுங்கும், டைப் பண்ணி நோட்ஸ்ல போட்டு வெச்சுக்கங்க, போஸ்ட் பண்ணாதீங்க. என் நோட்ஸ்ல அப்படி ஆறு இருக்கு, எல்லாமே என் நாவலை விட நல்ல எழுத்து.

பெரிய வெற்றிகளோட நம்மள ஒப்பிட்டுப் பாத்து நொந்து போறதும் உண்டு. அமெரிக்க ரைட்டர் அமண்டா ஹாக்கிங் 2010ல தன் கதைகளைத் தானே இபுக்கா போட ஆரம்பிச்சு ஒரே வருஷத்துல எங்கயோ போயிட்டாங்கன்னு சொல்வாங்க. பதிப்பகங்கள் எல்லாம் திருப்பி அனுப்பி, எழுதி முடிச்சு ஸ்டாக்ல வெச்சிருந்த நாவல்கள் அவங்ககிட்ட நிறைய இருந்துச்சுங்கறதை யாரும் சொல்றதில்ல. அதை விட எனக்குப் புடிச்சது 2011ல அவ்வளவு பேர் வாங்குனப்புறமும் ஒரு பதிப்பகத்துல கையெழுத்து போட்டதுக்கு அவங்க சொன்ன காரணம், மெயில், கவர், எடிட்டர் தேடுறதுன்னு வாரத்துக்கு நாப்பது மணி நேரம் போகுது, எனக்கு எழுத்தாளரா இருக்கணும்னுதான் ஆசை. ஜேன் ஆஸ்டினோட முதல் நாவல் கூட 1811ல சொந்த ரிஸ்க்ல வந்ததுதான், பேர் கூட போடாம ஒரு பெண்மணி எழுதியதுன்னு மட்டும் போட்டு. 140 பவுண்டு லாபம் வந்துச்சு. அடுத்த நாவலோட உரிமையை 110 பவுண்டுக்கு மொத்தமா வித்துட்டாங்க, அதுதான் இன்னைக்கு வரைக்கும் அவங்க புக்லயே ரொம்ப பிரபலம். கணக்கு யாருக்குமே ஒழுங்கா வரல.

புக் வந்த ரெண்டாவது வாரம் ஒரு சரிவு வரும், எனக்கு ஒவ்வொரு தடவையும் வருது. எழுதும்போது கூடவே இருந்த ஹீரோ, ஹீரோயின் ரெண்டு பேரும் போயிட்ட மாதிரி ஒரு வெறுமை, அந்த நேரத்துல அவசரமா அடுத்த புக்குக்கு ப்ரீ ஆர்டர் தேதி போட்டுடாதீங்க. தேதிக்கு 72 மணி நேரம் முன்னாடி ஃபைனல் ஃபைல் ஏத்தியாகணும், ஒரு வரி கூட வராத மனநிலையில அந்த கவுன்ட்டவுனைப் பாக்குறது கொடுமை. நான் அந்த வாரத்துல படிக்க மட்டும் செய்வேன், இல்லன்னா வந்த புக்ல இருக்குற எழுத்துப் பிழையைத் திருத்திட்டு உக்காந்திருப்பேன்.

இசூர்யால் எல்லாம் அப்படித்தான் திருத்துனேன், மொத்தம் நாப்பத்தி மூணு இடம், புது ஃபைலும் ஏத்தியாச்சு. ஆனா புது ஃபைல் புதுசா வாங்குறவங்களுக்குத்தான், முன்னாடியே வாங்குனவங்க கையில இருக்குறது தானா மாறிடும்னு நம்ப முடியாது. போன வாரம் கூட ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிச்சாங்க.