காலும் பந்தும் கலங்கின கதை

தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் புது 70-200 மி.மீ., எஃப் 2.8 கமரா லென்ஸை முதன்முதலாகச் சோதித்தது திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில், ஒரு பின்னேர உதைபந்தாட்டத்தில். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் வயிறு எரிந்தது. ஆளின் உடம்பு தெளிவு, காலும் பந்தும் கலங்கல். சிலதில் பின்னால் நின்ற சனம் மட்டும் துல்லியம். லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவே யோசித்தேன்.

கலியாண வீடுகளில் படமெடுக்கும் தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணை, ஷட்டர் எவ்வளவு வைச்சனீங்கள்?"

1/250 செக்கன், அவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருக்கும். ஸ்டெபிலைசர் இருக்கு என்ற துணிவுதான். அது என் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஓடுகிறவனின் காலையல்ல!

அடுத்த நாள் டச்பே கடற்கரையில் பெடியள் பந்தடிக்கிறதைப் படமெடுக்கப் போனேன். ஷட்டர் 1/1000, ஒளியுணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு 6400இல் எல்லை. ஃபோகஸை ஒருமுறை பூட்டும் முறையிலிருந்து, ஆளைத் தொடர்ந்து பின்பற்றும் முறைக்கு மாற்றினேன். லென்ஸின் பக்கத்திலுள்ள தூர எல்லைச் சுவிட்சையும் தட்டினேன். கிட்டத் தூரத்தில் வீணாகத் தேடி அலைவது நின்றது.

ஆனாலும் முதல் படங்கள் பால் ஊற்றினது போல. ஏசி அறையிலிருந்து நேரே வந்ததால் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. இப்போது கமராப் பையைத் திறக்காமல் அரை மணித்தியாலம் வெளியில் வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். மத்தியானச் சுடுமணலின் கானல் அலைக்கு மட்டும் எந்தச் செட்டிங்கும் சரிவரவில்லை. நாலரைக்குப் பிறகுதான் போவது.

லென்ஸின் பாரத்தில் தோள் இன்னும் நோகுது.