நீதிபதியை மிரட்டுவதும் ஆள் வைத்துப் பார்ப்பதும்: வழக்காளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும்போதும், தீர்ப்பு நமக்குப் பாதகமாக வரும் என்று தெரியும்போதும்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. வரப்புத் தகராறுக்குக் கோர்ட் படி ஏறியவர், கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுகிறார். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம் இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாதான். அரசு ஊழியரை மிரட்டுவதற்கான பழைய 189, நீதிமன்றத்தில் நீதிபதியை அவமதிப்பதற்கான பழைய 228 ஆகிய பிரிவுகள் அதில் 224, 267.

முதல் தவறு, தரகர். "ஐயாவுக்கு வேண்டியவர், சொன்னால் முடித்துக் கொடுப்பார்" என்று ஒருவர் வருவார். பணத்தை வாங்கும் அவர் நீதிபதியைப் பார்த்தே இருக்க மாட்டார் என்பதுதான் வழக்கமான கதை. ஆனாலும் குற்றம் குற்றம்தான். அரசு ஊழியர் ஒருவரைத் தன் செல்வாக்கால் வசப்படுத்தித் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவருக்கு ஊழல் தடுப்புச் சட்டம் 7ஏ பிரிவின்படி 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கொடுத்தவருக்கு 8-வது பிரிவு: 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடுப்பதாகச் சொன்னாலே போதும், நோட்டு கை மாற வேண்டியதில்லை. மூன்றாம் ஆள் வழியாகக் கொடுத்தேன் என்பதும் உதவாது. லஞ்சம் கொடுத்தவர் தப்பிக்க முன்பு ஓரளவு வழி இருந்தது. 2018 திருத்தம் அதை அடைத்துவிட்டது.

இதற்கு விலக்கு உண்டு, பலருக்கும் அது தெரிவதில்லை. கட்டாயப்படுத்தியதால் பணம் கொடுக்க நேர்ந்தால், கொடுத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புகார் கொடுத்துவிட வேண்டும். அதைவிட நல்லது, கேட்டவுடனே, கொடுப்பதற்கு முன்பே, போய்ச் சொல்வது. வாங்கியவர் கையைக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீன் பவுடர் தடவிய நோட்டுகளை அவர்களே கொடுத்து அனுப்புவார்கள். அப்படிக் கொடுக்கும் பணத்துக்காக உங்கள் மீது வழக்கு வராது.

இந்தச் சட்டம் நீதிபதிக்கு மட்டும் என்று நினைப்பது அடுத்த பிழை. பெஞ்ச் கிளார்க், சிரஸ்தார் (கோர்ட் தலைமை எழுத்தர்), நகல் பிரிவு ஊழியர், அமீனா (கோர்ட் உத்தரவை நேரில் வந்து நிறைவேற்றுபவர்) எல்லோரும் அரசு ஊழியர்களே. கோர்ட் நியமிக்கும் ரிசீவர் (வழக்குச் சொத்தைப் பராமரிப்பவர்), வழக்கறிஞர் ஆணையர், மத்தியஸ்தம் செய்யும் ஆர்பிட்ரேட்டர் ஆகியோரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். நிலத்தை அளக்க ஆணையர் வரும் நாளில்தான் இது அதிகம் நடக்கிறது. அவருக்கான கட்டணத்தைக் கோர்ட் உத்தரவே நிர்ணயித்திருக்கும். அதற்கு மேல் கையில் திணிக்கும் கவரைப் போக்குவரத்துச் செலவு என்று நீங்கள் சொல்லலாம். அறிக்கை உங்களுக்குச் சாதகமாக வந்திருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை வேறு பெயரில் சொல்வார்.

மிரட்டல் என்றால் அரிவாளைக் காட்டுவது என்று நினைக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 224-வது பிரிவு அதைவிட விரிவானது. அரசு ஊழியரை ஒன்றைச் செய்ய வைக்கவோ, செய்யாமல் தடுக்கவோ, தாமதிக்க வைக்கவோ, அவருக்கோ அவருக்கு வேண்டியவருக்கோ தீங்கு வரும் என்று சொன்னால் 2 ஆண்டு வரை சிறை. தீங்கு என்பதில் உடல், மனம், பெயர், சொத்து நான்கும் அடங்கும். "உங்க பேரை நாறடிச்சிடுவேன்", "உங்க பையன் எந்தக் காலேஜ்னு தெரியும்" போன்ற பேச்செல்லாம் இதற்குள் வரும். கொலை மிரட்டல் என்றால் 351(3)-ன்படி 7 ஆண்டு வரை. பெயர் மறைத்துக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பினால், 351(4)-ன்படி மேலும் 2 ஆண்டு வரை கூடும். பெயரை மறைப்பது தண்டனையைக் கூட்டத்தான் செய்கிறது.

தீர்ப்பின்படி சொத்தைச் சுவாதீனம் (கைவசம்) எடுக்க வரும் அமீனாவைத் தள்ளிவிட்டால் அதே சன்ஹிதாவின் 132-வது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. அடித்துக் காயம் ஏற்பட்டால் 121(1)-ல் 5 ஆண்டு வரை. நியாயமான காரணமில்லாமல் தொடர்ந்து தடுப்பவரை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி 30 நாள் வரை சிவில் சிறையில் வைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. உத்தரவு தவறு என்றால் மேல் கோர்ட்டில் தடையாணை வாங்கி, நகலை அமீனா கையில் கொடுங்கள். வாசலில் கூட்டம் சேர்ப்பதால் எந்தப் பயனும் இல்லை.

திறந்த நீதிமன்றத்தில் நீதிபதியை வேண்டுமென்றே அவமதித்தாலோ நடவடிக்கையைக் குலைத்தாலோ 267-வது பிரிவு: 6 மாதம் வரை வெறுங்காவல் (கடும் உழைப்பு இல்லாத சிறை), அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 384-வது பிரிவின்படி அன்று கோர்ட் கலைவதற்குள்ளேயே காவலில் வைத்து 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்த இடத்திலேயே மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டால் 387-வது பிரிவின்படி விடுவிக்கவும் முடியும். "நான் சொன்னதில் தப்பில்லை, ஆனாலும் வருந்துகிறேன்" என்று காரணம் அடுக்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி நீதிபதிக்கு நேராகக் கடிதம், வாட்ஸ்அப், வீட்டுக்குத் தூது எதுவும் வேண்டாம். எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் நீதிபதியிடம் போகும் எதுவும் நீதி நிர்வாகத்தில் தலையிடுவதாகவே பார்க்கப்படும். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-ன் 12-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். தொகை சிறியதுதான், ஆனால் சிறை நிஜம். 2017 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பதவியில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி கர்ணனுக்கே 6 மாதம் விதித்தது.

விமர்சிக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. இறுதியாக முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பதை அவமதிப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு காக்கிறது. கீழமை நீதிபதி மீது நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்தில் புகார் கொடுப்பதை 6-வது பிரிவு காக்கிறது. ஆனால் அதே புகாரை ஃபேஸ்புக்கில் போட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. புகாரை உயர் நீதிமன்றத்தின் விஜிலென்ஸ் (கண்காணிப்பு) பதிவாளருக்கு, சத்தியம் செய்த உறுதிமொழிப் பத்திரமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இணைத்து அனுப்புங்கள்.

நீதிபதி ஒருதலைப்பட்சமாக இருக்கிறார் என்று தோன்றினால் வழக்கை மாற்றக் கோரும் மனு போடலாம். சிவில் வழக்குக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24-வது பிரிவு. கிரிமினலுக்கு சுரக்ஷா சன்ஹிதா 447, 448. மனுவில் எந்தத் தேதியில் என்ன நடந்தது, என்ன உத்தரவு போட்டார் என்று மட்டும் எழுதுங்கள். "எதிர்த்தரப்பிடம் விலை போய்விட்டார்" என்று ஆதாரமின்றி எழுதினால் அந்த மனுவே அவமதிப்பாகிவிடும். அப்படிப்பட்ட மனுவில் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்ட வழக்கறிஞர்களும் பொறுப்பே என்று 1954-லேயே ஷரீஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அவமதிப்பு நோட்டீஸ் வந்துவிட்டால் வாய்தாவைத் தவறவிடாதீர்கள், சமூக ஊடகத்தில் பதிவு போடுவதையும் தொடராதீர்கள். உயர் நீதிமன்ற அமர்வு தண்டனை விதித்தால், உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம்.