புச்சோக் பாக்கு: எப்படி வாங்குறது, சத்து வீணாகாம எப்படி சமைக்கிறது

பாசார்ல கங்கோங் கட்டுக்குப் பக்கத்துல நுனி சுருண்டு பச்சையா ஒரு கட்டு கிடக்கும், அதான் புச்சோக் பாக்கு, நம்ம வெத்தல பாக்கு இல்லங்க, ஆத்தோரம் ஈரத்துல தானா முளைக்கிற பெரணியோட (இங்கிலீஷ்ல ஃபெர்ன்) தளிர். நம்மாளுங்க நிறைய பேர் பாத்துட்டு அப்படியே தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

வாங்கும்போது ஒண்ண எடுத்து நுனிலருந்து ஒரு சாண் கீழ வளைச்சுப் பாருங்க. டக்குனு ஒடிஞ்சா இளசு, நார் இழுத்துக்கிட்டு தொங்குனா முத்தல், வேணாம். ஒடிச்ச இடம் சீக்கிரம் கறுத்துடும், அதனால அன்னிக்கே சமைச்சிடுங்க.

நீங்களே பறிக்கிறதா இருந்தா ரெண்டு விஷயம். வெயிலடிக்கிற காஞ்ச மேட்டுல, தளிர் மூணு விரல மடக்குன மாதிரி வந்தா அது பிராக்கன் பெரணி, தொடாதீங்க, அதுல டாகுவிலோசைடுன்னு புற்றுநோய் உண்டாக்குற நச்சு இருக்கு (கொரியா, ஜப்பான்ல சாம்பலோ சோடாவோ போட்டு வேகவச்சு ஊறவச்சுதான் சாப்பிடுறாங்க, அது தனி வேலை). இன்னொண்ணு, மருந்தடிக்கிற செம்பனைத் தோட்டத்து ஓரம், ஃபேக்டரி சாக்கடை ஓரம் பறிக்கவே கூடாது. சில பெரணி மண்ணுல இருக்குற ஆர்செனிக்க உறிஞ்சி இலைல சேத்து வச்சுக்கும்.

சத்துன்னு பாத்தா, இதோட சொந்தக்காரன், கனடாவுல சாப்பிடுற தீக்கோழிப் பெரணித் தளிர் 100 கிராம்ல புரதம் 4.5 கிராம், பொட்டாசியம் 370 மில்லிகிராம், வைட்டமின் சி 26 மில்லிகிராம், கலோரி வெறும் 34 தான். மீன் எண்ணெய்ல இருக்குற இபிஏ ஒமேகா-3 கூட அதுல கொஞ்சம் இருக்கு, தரைல வளர்ற கீரைல அது அபூர்வம். பெரணித் தளிர்ல பொதுவாவே கரோட்டினாய்டு, ஃபீனாலிக், ஃப்ளேவனாய்டு எல்லாம் உண்டு. ஆனா 1994ல நியூயார்க்லயும் மேற்கு கனடாவுலயும் அந்தத் தீக்கோழிப் பெரணித் தளிர அரைவேக்காடா தின்னவங்களுக்கு வாந்தி பேதி ஆயிடுச்சு, 15 நிமிஷம் கொதிக்க வச்சு தண்ணிய கொட்டுங்கன்னு கனடா சுகாதாரத் துறை சொல்லுது. நம்ம பாக்கு வேற இனம்தான், இருந்தாலும் பச்சையா சாப்பிடாதீங்க, பி1 வைட்டமின சிதைக்கிற தயமினேஸ் பெரணிகள்ல இருக்கும், சூட்டுல அது போயிடும்.

நான் செய்யிறது: நாலு தண்ணில அலசி, சுருளுக்குள்ள ஒட்டியிருக்குற பழுப்பு சுணைய தேச்சு எடுத்துட்டு, உப்புத்தண்ணில 5 நிமிஷம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணிய கொட்டிடுவேன். கொஞ்சம் வைட்டமின் சி அதோட போகும், பரவால்ல. அப்புறம் வெங்காயம், சில்லி பாடி (காரமான குட்டி மிளகா), மஞ்சள் வதக்கி, தேங்காப்பால் ஊத்தி இன்னும் 10 நிமிஷம். கரோட்டினாய்டு உடம்புல சேர கொழுப்பு வேணும், அதுக்குத்தான் தேங்காப்பால். இறக்குனதும் எலுமிச்சை பிழிஞ்சா இரும்புச்சத்தும் நல்லா ஒட்டும், லேசான வழவழப்பும் குறையும்.